‘கண்ணை உறுத்தாத நிறம்’ என்றால் யார் கண்ணை?

கேள்வி: ஓசூர் வாசகர், 10 நவம்பர்

எங்கள் கம்பெனியில் ஆபீஸ் ஸ்டாஃபுக்குப் புதிதாக ட்ரெஸ் கோட் போட்டிருக்கிறார்கள். அடர் நீல பேண்ட், ‘கண்ணை உறுத்தாத நிறத்தில்’ முழுக்கைச் சட்டை. சிவப்பு, ஆரஞ்சு, கிளிப்பச்சை கூடாது. வெள்ளிக்கிழமை மட்டும் இஷ்டம்போல். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிவப்பும் பச்சையும் குழம்பும். போன வாரம் மங்கலான மஞ்சள் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு போன சட்டை கிளிப்பச்சையாம். கேட்டிலேயே செக்யூரிட்டி சிரித்துவிட்டார். எச்.ஆரிடம் விஷயத்தைச் சொல்லலாமா? சொன்னால் வேலைக்கு வம்பு வருமா? என்னைக் கேட்டால் ட்ரெஸ் கோட் எழுதுகிறவர்களுக்குத்தான் முதலில் கண் டெஸ்ட் வைக்க வேண்டும்.

10 நவம்பர், இரவு

சொல்லுங்கள். ஆனால் கேன்டீனில் வைத்துச் சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொன்னேன், அன்றைக்கு ஆரம்பித்தது. “இது என்ன கலர்?” என்று ஒருவர் பேனா மூடியைத் தூக்கிக் காட்டுவார். அடுத்தவர் தன் சட்டையைப் பிடித்துக் காட்டுவார். அதற்கடுத்தவர் தட்டில் இருக்கும் கேசரியைக் காட்டுவார். சரியாகச் சொன்னால் “அட, சும்மா கதை விடுறான்பா” என்பார்கள். வேறு மாதிரி சொன்னால் பக்கத்து டேபிளில் இருந்து இன்னும் நாலு பேரைக் கூப்பிடுவார்கள்.

நானும் ஓசூர் சிப்காட்டில்தான், ஸ்டோர்ஸில். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். எனக்கும் உங்களைப் போல நிறக்குறைதான், ஊர் பாஷையில் நிறக்குருடு. எனக்குப் பச்சைப் பக்கம் பலவீனம். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது ஒன்றுதான்: ஆபீஸில் நிறத்தை வைத்து வரும் சண்டை எதையும் எங்களைப் போன்றவர்கள் கிளப்புவதில்லை. எல்லாம் கண் பளிச்சென்று தெரிகிறவர்களின் கைங்கரியம். விவரமாக நாளைக்கு எழுதுகிறேன், ஷிப்ட் இருக்கிறது.

11 நவம்பர்

அதற்குள் கீழே கமெண்டில் ஒருவர் “பாவம், எல்லாமே கருப்பு வெள்ளையாகத் தெரியுமோ” என்று கேட்டிருக்கிறார். தெரியாது ஐயா. வானம் நீலம், மாம்பழம் மஞ்சள், எல்லாம் தெரியும். முழுக்கக் கருப்பு வெள்ளையாகப் பார்ப்பவர்கள் மிக மிக அரிது. நம் கண்ணின் உட்படலத்தில் நிறம் அறிய மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. அதில் சிவப்புப் பக்கத்து வகையோ பச்சைப் பக்கத்து வகையோ இல்லாமல் போனால், அல்லது இருந்தும் தன் எல்லையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டால், சிவப்பு, பச்சை, பழுப்பு, ஆரஞ்சு இவற்றுக்கு நடுவே வேலி சரியாக இருக்காது. அவ்வளவுதான். ஐரோப்பிய வம்சாவளியில் ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர், பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்வார்கள்.

பெண்களுக்கு ஏன் குறைவு என்றால், இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் கோளாறு இருந்தால் ஸ்பேர் கிடையாது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று சமாளித்துவிடும். ஆனால் அவர் அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். எனக்கு வந்தது அம்மாவின் அப்பாவிடமிருந்து.

தாத்தா தக்காளி விவசாயி. பாலக்கோடு மார்க்கெட் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிறத்துக்குத்தான் விலை. பச்சைக் காய் வெளியூர் லோடுக்கு, செங்காய் பக்கத்து ஊர் லோடுக்கு, முழுப்பழம் அன்றைக்கே தீர வேண்டியது. தாத்தா ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். ஊரே அவரைப் “பழம் பார்க்கிறதில் கில்லாடி, தொட்டே சொல்லுவார்” என்றது. தொடாமல் அவரால் சொல்ல முடியாது என்பது பாட்டிக்கு மட்டும் தெரியும். பாட்டி யாரிடமும் சொல்லவில்லை. கில்லாடியின் மனைவி என்ற பெயரை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

11 நவம்பர், கொஞ்சம் கழித்து

பிறவியில் வருவதற்கு மருந்து கிடையாது. போட்டால் நிறம் தெரியும் என்று ஒரு கண்ணாடி விளம்பரம் அனுப்பியவருக்கு நன்றி. அது சில நிறங்களுக்கு நடுவே வித்தியாசத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், இல்லாத செல்லை முளைக்க வைக்காது.

13 நவம்பர்

இப்போது ட்ரெஸ் கோட்.

நம் மாநிலத்தில் இதற்குப் பெரிய முன்னுதாரணம் 2019 ஜூனில் வந்த தலைமைச் செயலக ஆணை. ஆண்கள் சட்டை-பேண்ட் அல்லது வேட்டி, பெண்கள் சேலை அல்லது துப்பட்டாவோடு சல்வார், சுடிதார் என்றது. நிறமும் ஆடம்பரமில்லாமல் அடக்கமாக இருக்க வேண்டும் என்றது. அந்த வாரம் டிவியில் விவாதம் எல்லாம் நடந்தது. அடக்கமான நிறம் எது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் தனியார் கம்பெனிகளின் சர்க்குலர்களிலும் அந்த வாசனை ஏறிக்கொண்டது.

எங்கள் கம்பெனியில் வந்த சர்க்குலரில் எச்.ஆர். புத்திசாலித்தனமாக ஒரு கலர் சார்ட்டையே இணைத்திருந்தார். எந்த டிபார்ட்மெண்டுக்கு எந்தச் சட்டை என்று சின்னச் சின்னக் கட்டங்கள். மெயிலில் பார்க்க அழகாக இருந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள் பாருங்கள், ஜெராக்ஸ்! எல்லாக் கட்டமும் சாம்பல். குவாலிட்டிக்கு ஒரு சாம்பல், பர்ச்சேஸுக்கு இன்னொரு சாம்பல், அக்கவுண்ட்ஸுக்குக் கொஞ்சம் அழுக்குச் சாம்பல். போர்டுக்கு முன்னால் கூட்டம். “ஸ்டோர்ஸ் எதுங்க?” என்று ஆளாளுக்கு என்னையே கேட்டார்கள். அன்று ஒரு பொழுது கம்பெனியே என் கட்சி.

கலர் பிரிண்ட் வந்த பிறகு நிலைமை மோசமானது. ‘இளம் நீலம்’ என்று போட்டிருந்ததற்கு அக்கவுண்ட்ஸ் பெண்கள் மூன்று விதமாக வந்தார்கள். ஒருவர் ஆனந்தா ப்ளூ, ஒருவர் ஆகாய நீலம், ஒருவர் பச்சை கலந்த ஏதோ ஒன்று. அது பச்சையா நீலமா என்பதில் மதியச் சாப்பாடு ஆறிப்போனது. எனக்கு மூன்றும் ஒரே குடும்பம். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

14 நவம்பர்

நேற்றையதற்குத் தொடர்ச்சி. கிருஷ்ணகிரி வாசகி ஒருவர், “உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதற்காக வித்தியாசமே இல்லை என்று ஆகாது” என்கிறார். நியாயம். ஆனால் அம்மா, நீங்கள் ஒரு முறை மேட்சிங் சென்டர் வாசலில் நின்று பாருங்கள். உள்ளே ட்யூப் லைட்டில் சேலைக்கும் ப்ளவுஸ் பிட்டுக்கும் ஒரே அரக்கு. வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் பிடித்தால் இரண்டும் வேறு. கடைக்காரர் “துவைச்சா சேர்ந்துரும்” என்பார். அது கண்ணின் குற்றமும் இல்லை, கடைக்காரரின் ஏமாற்றும் இல்லை. இரண்டு சாயங்கள் வேறு வேறு சரக்கில் செய்யப்பட்டிருந்தால் ஒரு வெளிச்சத்தில் ஒட்டிப்போகும், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். மெட்டாமெரிசம் என்பார்கள். ஆகவே நல்ல கண் உள்ளவருக்கும் ‘ஒரே நிறம்’ என்பது பல்பைப் பொறுத்தது. எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஒரு விளக்கு, ஆபீஸில் ஒரு விளக்கு, கேட்டில் சூரியன். சட்டை எந்த இடத்தில் விதிக்கு உட்பட்டது?

2015 பிப்ரவரியில் இணையத்தில் ஒரு கவுன் படம் உலகத்தை இரண்டாகப் பிரித்ததே, நினைவிருக்கிறதா? ஒரு பாதிக்கு அது நீலம்-கருப்பு, மறு பாதிக்கு வெள்ளை-தங்கம். நிஜத்தில் நீலம்-கருப்புதான். படம் எடுத்த வெளிச்சத்தை மூளை எப்படி ஊகிக்கிறது என்பதைப் பொறுத்து மாறியது. எங்கள் டிஸ்பாட்ச் செக்ஷனில் அதற்காக இரண்டு பேர் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் மெடிக்கலில் கலர் விஷன் ‘நார்மல்’.

18 நவம்பர்

கார்த்திகை பிறந்துவிட்டது. இனி ட்ரெஸ் கோடு அமலில் இருப்பதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சர்க்குலரில் ‘ஷூ கட்டாயம்’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. இன்று காலை பாதி டிபார்ட்மெண்ட் செருப்பே இல்லாமல், கருப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை. எச்.ஆர். நேற்று வரை “என்னப்பா” என்று கூப்பிட்டவர்களை இன்று “சாமி, பஞ்சிங் பண்ணிட்டீங்களா சாமி” என்று கேட்கிறார். கருப்பு ஒன்றுதான் என்றும் இல்லை. நீலம் கட்டும் சாமி உண்டு, காவி கட்டும் சாமி உண்டு. மார்கழியில் மேல்மருவத்தூருக்கு மாலை போட்ட பெண்கள் செவ்வாடையில் வருவார்கள். சிவப்பு கூடாது என்ற வரியை அப்போது யார் வாசித்துக் காட்டுவார்? தை பிறந்தால் பழனிக்குப் பச்சை. ஆக, தடை செய்த நிறங்கள் எல்லாமே பக்தியின் பேரில் வரிசையாக உள்ளே வந்துவிடும். ஷாப் ஃப்ளோரில் மட்டும் சாமியாக இருந்தாலும் சேஃப்டி ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். அங்கே இரும்புத் துண்டு விழுந்தால் விரதம் பார்க்காது.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு யோசனை. மாலை போட்டுவிடுங்கள். ஒரு மண்டலத்துக்குச் சட்டைப் பிரச்சினை கிடையாது.

19 நவம்பர்

யோசனை நகைச்சுவைக்குச் சொன்னது. கோபப்பட்டவர்கள் பொறுத்துக்கொள்க. நானும் மாலை போட்டவன்தான்.

24 நவம்பர்

“இந்த மாதிரி ஆட்கள் படித்துப் பெரிய வேலைக்கு வர முடியுமா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்காக ஜான் டால்டன் கதை. அணுக் கொள்கை டால்டனேதான்.

இந்தக் குறையைப் பற்றி முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் அவர். 1794-இல் மான்செஸ்டரில் கட்டுரை வாசித்தார், தன் கண்ணையே சாட்சியாக வைத்து. சிவப்பு அரக்கு முத்திரையும் பச்சை லாரல் மரத்து இலையும் தனக்கு ஒரே நிறம் என்றார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கிறது, அதுதான் சிவப்பைக் குடித்துவிடுகிறது என்று நம்பினார். செத்த பிறகு திறந்து பாருங்கள் என்று சொல்லியும் வைத்தார். 1844-இல் இறந்ததும் மருத்துவர் பார்த்தார். திரவம் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. கண்ணின் மிச்சத்தைப் பத்திரப்படுத்தினார்கள். 1995-இல் அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்ததில் பச்சைப் பக்கத்து நிறமி அவருக்கு இல்லவே இல்லை என்று தெரிந்தது. நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த மெடிக்கல் ரிப்போர்ட்.

நமக்கு வேண்டியது அவருடைய ட்ரெஸ் கோட் கதை. டால்டன் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களுக்கு ஆடம்பரமும் ஆகாது, ஆயுதமும் ஆகாது. 1834-இல் அரசர் நாலாம் வில்லியமைப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. அரசவை உடை என்றால் இடுப்பில் வாள் வேண்டும். குவேக்கர் வாள் கட்ட மாட்டார். சரி, ஆக்ஸ்ஃபோர்டு கொடுத்த டாக்டர் பட்டத்து அங்கியைப் போட்டுக்கொண்டு போகலாம், வாள் தேவையில்லை என்று நண்பர்கள் வழி கண்டுபிடித்தார்கள். அந்த அங்கியோ பளிச்சென்ற சிவப்பு. குவேக்கர்களுக்குச் சிவப்பும் ஆகாது. டால்டன் கண்ணுக்கு அது மண் நிறம். அமைதியாகப் போட்டுக்கொண்டு போய்வந்துவிட்டார். சமயத்து விதியும் மீறவில்லை, அரசவை விதியும் மீறவில்லை, அவர் கண்ணளவில். அவரை எங்கள் யூனியனுக்குத் தலைவராகப் போடலாம்.

25 நவம்பர்

‘தண்ணீர் மாதிரி’ தெளிவு என்று எழுதியதற்கு ஒருவர், “எங்கள் ஊர் தண்ணீரைப் பார்த்ததில்லையா, ஃப்ளோரைடு” என்கிறார். தர்மபுரிக்காரர்தானே? தெளிவாகத்தான் இருக்கும், பல்லில்தான் கறை. அதுவும் ஒரு நிறம்தான்.

2 டிசம்பர்

எங்களால் ஆபீஸில் சண்டையே வராது என்று முதல் நாள் எழுதினேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதி.

டிரைவர், செக்யூரிட்டி யூனிஃபார்முக்குக் காக்கித் துணி வந்து இறங்கியது. ரோல் ரோலாக. எல்லாம் ஒரே சரக்கு என்று பில். நான் கையெழுத்துப் போடாமல் நின்றேன். பாதி ரோல் ஒரு நிறம், பாதி ரோல் வேறு நிறம், எனக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. பர்ச்சேஸ் மேனேஜர் பார்த்தார், குவாலிட்டி பார்த்தார், வெயிலில் கொண்டு போய்ப் பார்த்தார்கள். “எல்லாம் ஒண்ணுதான். யார் சொல்றது பாரு!” என்று சிரிப்பு. நான் விடவில்லை. சத்தம் போட்டுச் சண்டைதான். கடைசியில் மேலிடத்தில் சொல்லி இறக்கினார்கள். தைத்துப் போட்டு, வெளுக்க வெளுக்க, ஒரு பாதி சாம்பல் பக்கம் போனது, மறு பாதி மஞ்சள் பக்கம் வந்தது. கேட்டில் இரண்டு செக்யூரிட்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டு கம்பெனி ஆட்கள்.

மாய மந்திரம் இல்லை. பச்சைக் கூம்பு முழுக்க இல்லாதவர் வேறு, என்னைப் போல இருந்தும் இடம் நகர்ந்தவர் வேறு. இந்த இரண்டாவது வகை ஆட்களுக்குச் சில காக்கி நிறங்கள் பிரிந்து தெரியும், சாதாரணக் கண்ணுக்கு அவை ஒன்றாகத் தெரியும். 2005-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். பிரித்தறிய எங்களுக்கென்று ஒரு தனிப் பாதை இருக்கிறது. அது காக்கிக்கு நடுவே போகிறது. வேறு நல்ல நிறமாகக் கொடுத்திருக்கலாம்.

காக்கி விஷயத்தில் இனிமேல் நார்மல் கண்காரர்கள்தான் நிறக்குருடு. எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

3 டிசம்பர்

பென்னாகரத்திலிருந்து கேட்டவருக்கு: இல்லை, இதை வைத்துப் போலீஸில் சேர முடியாது. காக்கி தெரிந்தால் மட்டும் போதாது.

9 டிசம்பர்

சிரிப்புக்கு நடுவே, கேள்வி கேட்ட தம்பிக்கு நேரான பதில் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வேலை மேஜைக்கு முன்னால் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பட்டியலில் 21 வகைகள் இருக்கின்றன, இது அதில் இல்லை. ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டிச் சலுகை கேட்க வழியும் இல்லை, குறையாக முத்திரை குத்தவும் இடமில்லை. ரயில் ஓட்டுநர் போன்ற வேலைக்கு மட்டும் கறாராகப் பார்ப்பார்கள், அது சரிதான். 1875-இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. சிக்னல் நிறம் பார்ப்பதில் கோளாறு இருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற மருத்துவர் சந்தேகப்பட்டு, கம்பளி நூல் கற்றைகளை வைத்து ஊழியர்களைச் சோதித்தார். அன்று ஆரம்பித்ததுதான் இந்த டெஸ்ட் எல்லாம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படப் புத்தகம் பிறகு வந்தது. 1917-இல் ஜப்பானில் இஷிஹாரா செய்தது. மெடிக்கலில் எனக்கும் அதைத்தான் காட்டினார்கள். மற்றவர்கள் 74 என்று படித்த பக்கத்தில் 21 படித்தேன். பக்கத்தில் நின்றவர் என் காதில் விடை சொல்ல வந்தார், பரீட்சை ஹால் ஞாபகத்தில்.

டிரைவிங் லைசென்ஸ் பயமும் வேண்டாம். 2020 ஜூனில் மத்திய அரசு விதியை மாற்றி, லேசான, நடுத்தர அளவுக் குறை உள்ளவர்களுக்கு லைசென்ஸ் தரலாம் என்றது. சிக்னலில் மேலே சிவப்பு, கீழே பச்சை. எங்களுக்கு இடம் போதும். சினிமா படிப்பிலும் கதவு திறந்தது. புணே திரைப்படக் கல்லூரி நிறக்குறை உள்ளவர்களை விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. எடிட்டிங் படிக்க வந்த ஒருவர் போட்ட வழக்கு.

ஆனால் எலக்ட்ரிகல் பக்கம் போனால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நம் ஊர் மூன்று பேஸ் மின்சார ஒயர்களில் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கருப்பு. எர்த் பச்சை. சிவப்புக்கும் பச்சைக்கும் குழம்பினால் அது சட்டைப் பிரச்சினை இல்லை. பச்சையில் மஞ்சள் கோடு போட்ட எர்த் ஒயர் வந்தபின் எங்கள் பாடு தேவலை, கோடு யாருக்கும் தெரியும்.

எங்கள் ஸ்டோர்ஸில் ரிஜெக்ட் சரக்குக்குச் சிவப்பு டேக், ஓகே சரக்குக்குப் பச்சை டேக், முடிவாகாததற்கு மஞ்சள். நான் வந்தபோது வெறும் அட்டை. சிவப்பு டேக்கின் மூலையை வெட்டிவிடச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை, “தூசி தங்காது” என்றேன். ஆடிட்டர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். இப்போது பக்கத்து யூனிட்டிலும் மூலை வெட்டுகிறார்கள், தூசிக்காக.

10 டிசம்பர்

தர்மபுரி நர்ஸ் சகோதரி கேட்டது நல்ல கேள்வி: ஆபரேஷன் தியேட்டரில் ஏன் பச்சை? முன்பு வெள்ளைதான். ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்து வெள்ளையைப் பார்த்தால் கண் கூசும், பச்சைப் பச்சையாகத் திட்டுகள் மிதக்கும். உடையே பச்சையாக இருந்தால் அந்தத் திட்டு அதில் கரைந்துவிடும். 1914 வாக்கில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சர்ஜன் கீரைப் பச்சைக்கு மாறினார். கண்ணுக்காகப் போட்ட ஒரே ட்ரெஸ் கோட் எனக்குத் தெரிந்து இதுதான். மற்றதெல்லாம் மேனேஜர் கண்ணுக்கு.

23 டிசம்பர்

மார்கழி. சொன்னபடி நடந்தது. செவ்வாடை வந்தது, எச்.ஆர். பேசவில்லை. இன்று கிறிஸ்துமஸ் கேக் வெட்டுவதற்கு ‘சிவப்பு அல்லது பச்சையில் வரவும்’ என்று அவரே வாட்ஸ்அப் அனுப்பினார். கிளிப்பச்சைச் சட்டையை வைத்துக்கொண்டு யோசிக்கும் தம்பி, உங்களுக்கு இன்று விடுதலை. இரண்டில் எதுவாக இருந்தாலும் தப்பில்லை என்று எனக்கு அழைப்பு வந்தது இதுதான் முதல் தடவை.

5 ஜனவரி

கேள்வி கேட்டவர் கண் டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து, தனக்குச் சிவப்புப் பக்கத்துக் குறை என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் நீங்கள் என் கட்சி இல்லை, பக்கத்துக் கட்சி. உங்களுக்குச் சிவப்பு மங்கி, கருப்பை ஒட்டித் தெரியும். எனக்கு அப்படி மங்காது.

கட்சி என்றதும் ஞாபகம் வருகிறது, பொங்கலுக்கு உங்கள் ஆபீஸிலும் ‘பாரம்பரிய உடை நாள்’ வரும். வேட்டி வாங்கும்போது கரையைப் பார்த்து வாங்குங்கள், அதாவது கூட ஒரு ஆளைப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். உங்களுக்கு வெறும் கருப்புக் கரையாகத் தெரிவது மற்றவர்களுக்குக் கருப்பு-சிவப்பாக இருக்கும். நடுவில் வெள்ளைக் கோடு இருந்தால் மட்டும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம், அது அடுத்த கட்சி. மஞ்சளும் நீலமும் நம் இரண்டு பேருக்கும் தெளிவாகத் தெரியும், தர்மபுரி பக்கம் அதற்கும் அர்த்தம் உண்டு. தேர்தல் நெருங்குகிற நேரம். ஆபீஸுக்குள் கரை வேட்டியோடு போய் நின்றால் ‘எனக்கு நிறம் தெரியாது சார்’ என்பதை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

7 ஜனவரி

கரை இல்லாத வேட்டி வாங்கலாமே என்று கேட்பவருக்கு: வாங்கலாம். அதைக் கட்டிக்கொண்டு போனால் “என்ன, யாருக்கும் பிடிகொடுக்காமல் நிற்கிறீர்கள்” என்பார்கள்.

17 ஜனவரி

எருது விடும் விழாவுக்குப் போய் வந்தேன், கிருஷ்ணகிரி பக்கம். தெரிந்தவர் ஒருவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, “சிவப்பா போட்டுக்கிட்டு முன்னாடி நிக்காதீங்க, மாடு பாயும்” என்றார். சட்டை சிவப்பு என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். மாட்டுக்கும் தெரிந்திருக்காது. மாட்டுக்கு நிறக் கூம்பு இரண்டு வகைதான். சிவப்பையும் பச்சையையும் அது பிரிக்காது. ஓடுகிற மாட்டை வெறிகொள்ள வைப்பது சத்தமும், அசைவும், வாலைப் பிடித்து முறுக்குகிறவர்களும்தான். கொம்பில் கட்டியிருக்கும் தட்டியின் ஜிகினாவும் பல நிறமும் பறிக்க வரும் பையன்களுக்காக. மாட்டுக்கு அது ஒரு சுமை.

இதை அவரிடம் விளக்கி முடிப்பதற்குள் மாடு போய்விட்டது. கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் காது கொடுத்துக் கேட்டார். “அப்போ உங்களுக்கும் மாட்டுக்கும் ஒரே கண்ணா?” என்றார். ஏறக்குறைய என்றேன். “ஓடுறதுலயும் கொஞ்சம் அதுகிட்ட கத்துக்கங்க” என்று என் வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

18 ஜனவரி

குரங்குக்கு எப்படி, நாய்க்கு எப்படி என்று கேட்காதீர்கள். நாய்க்கு இரண்டு. தென்னமெரிக்கக் குரங்குகளில் பல இனங்களில் ஆணுக்கு எல்லாம் இரண்டு, பெண்களில் சிலருக்கு மூன்று. அங்கேயும் துணிக்கடைக்கு யார் போவார்கள் என்பது முடிவாகிவிட்டது.

29 ஜனவரி

தம்பி எச்.ஆரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். நல்ல பதில் வந்திருக்கிறது: சர்க்குலரில் இனி நிறத்தின் பெயரோடு, கம்பெனியே ஒப்பந்தம் போட்ட துணிக்கடையின் துணி நம்பரும் இருக்கும். நம்பர் ஒத்துப்போனால் கேட்டில் கேள்வி கிடையாது. இதனால் அவரைவிட அதிகம் சந்தோஷப்பட்டது எங்கள் ஆனந்தா ப்ளூ கோஷ்டி மாதிரி அங்கே இருக்கும் பெண்கள்தானாம். இனி யாருடைய நீலம் சரியான நீலம் என்று நம்பரைக் காட்டிச் சண்டை போடலாம்.

30 ஜனவரி

வீட்டில் சட்டையைப் பிரித்து வைப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வது: சட்டைக் காலரின் உள்பக்கம், லேபிளுக்குக் கீழே, டெய்லரிடம் நூலால் ஒரு எழுத்துத் தைத்து வாங்கிக்கொள்வது. நீலத்துக்கு நீ, பச்சைக்குப் ப, சிவப்புக்குச் சி. மார்க்கர் பேனாவில் எழுதினால் இரண்டு வெளுப்பில் போய்விடும், நூல் நிற்கும். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டெய்லர்கள் யாரும் காசு பெரிதாகக் கேட்க மாட்டார்கள். நூல் எந்தக் கலரில் வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள். “எதுவானாலும் சரி” என்று சொல்லிவிடுங்கள்.